தலைக்கு மேலே செயற்கைக்கோள், வீட்டில் சிவப்பு விளக்கு

மழை வலுத்த கொஞ்ச நேரத்தில் புதுச்சேரியின் கருவடிக்குப்பத்து வீடுகளில் ரவுட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கிவிடும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபர் கேபிள் எங்கோ அறுந்திருக்கும். மழையில்லாத மாதங்களில் அந்த வேலையைப் பொக்லைன் பார்த்துக்கொள்கிறது. வாய்க்காலுக்காக ஒரு முறை, குழாய்க்காக ஒரு முறை என்று தோண்டுகிறார்கள். தோண்டியவருக்கும் கேபிள்காரருக்கும் நடுவில் நாங்கள் நிற்கிறோம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இலாசுப்பேட்டையில் உறவினர் வீட்டுக்கு ஓடுகிறார்கள். மாதக் கட்டணம் மட்டும் ஒரு நாளும் அறுவதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையில் ஏறி, நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. பக்கத்தில் கிருஷ்ணா நகரில் ஐந்தடி உயரத்துக்குத் தண்ணீர் ஏற, ராணுவம் வந்து மக்களை மீட்டது. மின்சாரம் போயிற்று, கேபிள் போயிற்று, கடைசியில் டவரும் ஓய்ந்தது. பாரிசில் இருக்கும் மகனுக்கு "நல்லா இருக்கேன்" என்று ஒரு வரி அனுப்புவதற்காக, பக்கத்து வீட்டு அம்மா என்னைக் குடை பிடிக்கச் சொல்லிவிட்டு மொட்டை மாடியின் நாலு மூலைக்கும் போனைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். ஒற்றைக் கோடு வரும், போகும். அந்த வரி மறுநாள் மாலைதான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் மகன் சென்னையிலுள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் அழைத்து அழுதிருக்கிறார். நாற்பது எழுத்துகூட இல்லாத செய்திக்கு இந்தப் பாடு.

இதற்கு மாற்று வழி எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. அங்கே போய்வரவே அரை நொடி ஆகிவிடும் என்பதால் பேச்சு தடுமாறும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டரிலும், ஒன்வெப் 1,200 கிலோமீட்டரிலும் பறக்கின்றன. எனவே வீடியோ அழைப்பும் தடையின்றி நடக்கும். வேண்டியதெல்லாம் திறந்த வானத்தைப் பார்த்த ஒரு தட்டு ஆன்டெனாவும் ஒரு இன்வெர்ட்டரும்தான். கனமழையில் இதுவும் தளரும், மறுப்பதற்கில்லை. ஆனால் மழை தணிந்ததும் தானே எழுந்துகொள்ளும். அறுந்த கேபிளை ஒட்ட ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2022இல் எரிமலை வெடித்துக் கடலடிக் கேபிள் அறுந்த டோங்கா தீவுகளுக்கு இந்தத் தட்டுகளைத்தான் அனுப்பினார்கள்.

இந்தச் செயற்கைக்கோள் இணையச் சேவைக்காக நாங்கள் காத்திருப்பது இன்று நேற்றல்ல. 2021இல் ஸ்டார்லிங்க் நிறுவனத்தார் முன்பணம் வாங்கினார்கள். உரிமம் இல்லை என்று அரசு தடுத்ததும் திருப்பித் தந்தார்கள். ஒன்வெப் உரிமம் பெற்றதும் அதே 2021இல்தான். 2022 அக்டோபரில் ஒரு முறை, 2023 மார்ச்சில் ஒரு முறை, ஒவ்வொன்றிலும் 36 ஆக அந்த நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை நம் இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் ஏற்றிச் சென்றது. எங்கிருந்து? எங்களுக்கு 200 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. 2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கும் உரிமம் கிடைத்தது. அடுத்த மாதமே இலங்கையில் அதன் சேவை தொடங்கிவிட்டது. இங்கே அந்த ஆண்டு முழுதும் கழிந்தும் ஒரு வீட்டுக்கும் இணைப்பு வரவில்லை. அலைவரிசை ஒதுக்கீடு, பாதுகாப்புச் சோதனை, கட்டண நிர்ணயம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம்; "விரைவில்" என்ற சொல் மட்டும் மாறவில்லை. எல்லை தாண்டிய செயற்கைக்கோள்களைச் சோதித்துத்தான் அனுமதிக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். சோதனைக்கும் ஒரு கெடு உண்டல்லவா?

வந்தாலும் எங்களுக்கு எட்டுமா என்பது அடுத்த கவலை. 2025 டிசம்பரில் ஸ்டார்லிங்குக்கு மாதம் 8,600 ரூபாய், கருவிக்கு 34,000 ரூபாய் என்று ஒரு விலை இணையத்தில் தெரிந்தது. பிறகு அது தொழில்நுட்பப் பிழை, உண்மை விலை அன்று என்றார்கள். உண்மை விலை எது என்று யாரும் சொல்லவில்லை. போதாததற்கு, நகர்ப்புற இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாக வாங்க வேண்டும் என்ற பரிந்துரை 2025 மே மாதம் வந்தது. நகரத்தில் ஃபைபர் இருக்கிறதே என்பது அதன் நியாயம். அந்த ஃபைபரின் லட்சணத்தை மேலே சொல்லிவிட்டேன். காகிதத்தில் நாங்கள் நகரம், புயலன்று தீவு.

வீட்டுக்கு வீடு தட்டு வைத்துத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. புயல் முகாமாக மாறும் அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், மீனவர் குப்பங்களின் சமுதாயக் கூடம் ஆகிய இடங்களில் அரசுச் செலவில் தலா ஓர் இணைப்பு வேண்டும். அது ஜெனரேட்டரோடும் இலவச வைஃபையோடும் இருக்க வேண்டும். தனியாக வாங்க விரும்புகிறவர்களுக்கு நடுத்தரக் குடும்பம் தாங்கும் விலையை அறிவிக்க வேண்டும். நகர்ப்புறம் என்ற பெயரில் கூடுதல் கட்டணம் கூடாது. சேவை தொடங்கும் நாளை எழுத்தில் சொல்ல வேண்டும். தோண்டுவதற்கு முன் கேபிள் செல்லும் தடத்தைப் பார்க்கும் கட்டாயத்தையும் கையோடு கொண்டுவரலாம். அதற்கு ராக்கெட் எதுவும் தேவையில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் எங்கள் பள்ளிக்கூட மாடியில் முதல் தட்டு ஏறியாக வேண்டும்.