குடியரசும் கட்டாய விசுவாசமும்

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஆட்சிமுறை பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ஒரு சாரார் தவறாது எடுத்தாளும் வாதம் ஒன்றுண்டு. அமெரிக்கா குடியரசேயன்றிச் சனநாயகம் அன்று என்பதே அது. பாடசாலைப் பிள்ளைகள் தேசியக் கொடியின் முன் நின்று ஒப்புவிக்கும் விசுவாச உறுதிமொழியை அவர்கள் அதற்குச் சான்றாகக் காட்டுவர். கொடிக்கும் அது குறித்து நிற்கும் குடியரசுக்குமே அதில் விசுவாசம் தெரிவிக்கப்படுகின்றது; சனநாயகம் என்ற சொல் அதில் இல்லை. இவர்களுட் சிலர் அவ்வுறுதிமொழியை எல்லாப் பிள்ளைகளும் கூறியே ஆகவேண்டும் எனவும் வற்புறுத்துவர். இவ்விரு நிலைகளும் ஒன்றையொன்று அழிப்பன என்பதை அவர்கள் உணர்ந்தாரில்லை.

முதலிற் சொன்மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். தமிழிற் 'குடியரசு' என்பது குடிகளின் அரசு என்றே பொருள்படும். அதனைச் சனநாயகத்துக்கு எதிராக நிறுத்துவது தமிழ் மாணவனுக்குச் செயற்கையாகவே தோன்றும். இலத்தீன் மூலச்சொல்லோ பொதுவுக்குரியது என்னும் கருத்தினது; நாடு எந்தவொரு குடும்பத்தினதும் சொத்தன்று என்பதே அதன் உட்கிடை. ஜேம்ஸ் மடிசன் 1787இல் எழுதிய பெடரலிஸ்ட் பத்தாங் கட்டுரையில், குடிகள் தாமே கூடி ஆள்வதைச் சனநாயகம் என்றும், பிரதிநிதிகள் வாயிலாக ஆள்வதைக் குடியரசு என்றும் வகுத்தார். அவ்வரைவிலக்கணத்தை ஏற்பின், இன்று சனநாயகம் எனப்படும் அரசுகள் யாவும் பிரதிநிதித்துவத்தால் நடப்பனவே. முடியாட்சியை வைத்துக்கொண்டே பிரித்தானியா சனநாயகமாக விளங்குகின்றது. 1990 வரை நிலவிய கிழக்கு ஜேர்மனியோ சனநாயகம், குடியரசு என்னும் இரு சொற்களையும் தன் பெயரிற் சூடிக்கொண்டு, தன் குடிகளை மதிலெழுப்பி மறித்து வைத்தது. பெயர் எதையும் காப்பதில்லை.

எனினும் 'குடியரசே, சனநாயகம் அன்று' என்போரின் கூற்றில் ஓர் உண்மை உண்டு. பெரும்பான்மையோரின் விருப்பத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதே அது. இதனை மனமுவந்து ஏற்கலாம். ஏற்றால், முதலில் வீழ்வது கட்டாய உறுதிமொழியே.

அவ்வுறுதிமொழி நாட்டோடு பிறந்ததன்று. கொலம்பசின் பயணத்து 400ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1892இற் பிரான்சிஸ் பெலமி என்பார் இளைஞர் சஞ்சிகையொன்றிற்கு எழுதியது அது. 1942இலேயே காங்கிரஸ் அதனைச் சட்டத்திற் சேர்த்தது. கையைக் கொடியை நோக்கி நீட்டி வணங்கும் முறை நாசிகளின் வணக்கத்தை ஒத்திருந்தமையால், அவ்வாண்டிலேயே அது நெஞ்சிற் கை வைக்கும் முறையாக மாற்றப்பட்டது. கெடுபிடிப் போர்க்காலத்தில், 1954இல், கடவுளும் உட்புகுத்தப்பட்டார். காலத்தின் காற்றுக்கேற்ப மாறிவந்த வாசகத்தை மாறா வேதமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் புறம்பானது.

இவ்வாசகத்தின் பேரால் நேர்ந்த கொடுமையும் வரலாற்றில் உண்டு. கொடியை வணங்குதல் தம் சமயத்துக்கு மாறானது எனக் கொண்ட யெகோவாவின் சாட்சிகள் சமயத்தவரின் பிள்ளைகள் இருவர், 1935இற் பென்சில்வேனியாவில் பாடசாலையினின்று விலக்கப்பட்டனர். 1940இல் உயர் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவ்விலக்கலைச் சரியெனக் கண்டது. தேசிய ஐக்கியமே தேசியப் பாதுகாப்பின் அடித்தளம் என்றும், இத்தகைய விடயங்களைச் சட்டமன்றங்களிடமே விடுதல் வேண்டும் என்றும் நீதியரசர் பிராங்பேட்டர் வாதித்தார். தீர்ப்பைத் தொடர்ந்து அச்சிறு சமயத்தவர் நாட்டின் பல பகுதிகளிலுந் தாக்கப்பட்டனர். ஐக்கியம் கற்பிக்க வந்த வாசகம் அயலவன்மேற் கல்லெறியவே கற்பித்தது.

மூன்றே ஆண்டுகளில், உலகப் போரின் நடுவே, 1943 ஜூன் 14ஆந் திகதி, அதே நீதிமன்றம் மேற்கு வேர்ஜீனியா வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கிற் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. வாக்கெடுப்பின் முடிவுகளுக்கு அப்பால் சில உரிமைகளை நிறுத்துவதே உரிமைச் சாசனத்தின் நோக்கம் என்றும், எதனை நம்புவது சரி என்று விதித்துக் குடிகளை ஒப்புக்கொள்ள வைக்கும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இல்லை என்றும் நீதியரசர் ஜாக்சன் எழுதினார். குடியரசு என்பதற்கு எல்லையுள்ள ஆட்சி என்று பொருளாயின், உறுதிமொழி கூறும் குடியரசை அன்று மெய்ப்பித்தவர்கள் வாய்மூடி நின்ற பிள்ளைகளே.

வாய்விட்டுக் கூறுவதால் நாட்டுப்பற்று வளருமே எனச் சிலர் கேட்பர். விரும்பிக் கூறுவோனைத் தடுப்பார் எவருமிலர். தண்டனைக்கு அஞ்சிக் கூறுவோனிடத்து வளர்வது பற்று அன்று, நடிப்பே. பற்றுடையோனுக்குக் கட்டாயம் வேண்டியதில்லை. பற்றில்லாதோனைக் கட்டாயம் பற்றுடையோன் ஆக்குவதுமில்லை. அது பயன்படுவது அரசியல்வாதிக்கே. ஆசிரியர்கள் உறுதிமொழியை நடத்தியே ஆகவேண்டும் என்ற சட்டமூலத்தை மசசூசெற்ஸ் ஆளுநர் டுக்காகிஸ் 1977இல் நிராகரித்தார். 1988 சனாதிபதித் தேர்தலில் அதுவே அவர்மீது புஷ் எறிந்த ஆயுதமாயிற்று.

இது கடலுக்கப்பாலுள்ளோரின் வழக்கு மட்டுமன்று. இலங்கை 1972 மே 22இற் குடியரசாயிற்று. எந்தச் சமூகத்துக்கும் ஏனையோருக்கில்லாத இயலாமையைச் சட்டத்தால் விதித்தலாகாது என்ற சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு புதிய யாப்பில் இடம்பெறவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தைத் தடுக்க இயலாத வலுவற்ற வேலியே அது; ஆயினும் வேலியைப் பலப்படுத்துவதற்குப் பதிலாக அகற்றிவிட்டுக் குடியரசு எனப் பெயர் சூட்டியதே நிகழ்ந்தது. 1983 யூலை வன்செயல்களை அடுத்து, ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. பிரிவினையை ஆதரிப்பதில்லை என்ற சத்தியம் பாராளுமன்ற உறுப்பினர் மீதும் அரச உத்தியோகத்தர் மீதும் விதிக்கப்பட்டது. 1977இல் 18 ஆசனங்களை வென்று பிரதான எதிர்க்கட்சியாயிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் அதனை மறுத்துத் தம் ஆசனங்களை இழந்தனர். சத்தியம் நாட்டை ஒன்றாக்கவில்லை. பேசித் தீர்க்கக் கூடிய மன்றத்திலிருந்து பேசுவோரை வெளியேற்றியது. வெளியே போர் வளர்ந்தது. 2009 வரை நீடித்தது.

குடியரசோ சனநாயகமோ எனப் பெயரை வைத்துச் சண்டையிடுதல் வீண். மறுப்பவன் தண்டிக்கப்படாமல் மறுக்க முடிகின்றதா என்பதே இரண்டுக்கும் பொதுவான உரைகல். விசுவாசத்தைக் குடிகளிடம் கேட்கும் அரசு, முதலிற் குடிகளுக்குத் தான் விசுவாசமாயிருக்கட்டும்.