கோடு தாண்டிய சிவப்பு

ரஷ்யாவின் லூபோக் என்ற நாட்டார் அச்சுப் படங்களைப் பார்த்ததும் அச்சுக்கலைக்காரரான நம் கண்ணில் முதலில் உறுத்துவது பிசிறுதான். புனிதரின் மேலங்கிச் சிவப்பு கோட்டைத் தாண்டிக் குதிரையின் கழுத்தில் இறங்கியிருக்கும். மாணவர் யாராவது இப்படியொரு தாளை நீட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்போம்.

முதலில் லிண்டன் மரப்பலகையிலும் பிறகு செப்புத்தகட்டிலும் கோடு மட்டுமே அச்சானது. வண்ணம் தீட்டும் வேலை மாஸ்கோவை அடுத்த நிகோல்ஸ்கோயே போன்ற ஊர்ப் பெண்களின் கைக்குப் போனது. கத்தை கத்தையாக வந்த தாள்களில் ஒரு தீற்று சிவப்பு, ஒரு தீற்று பச்சை என்று ஓட்டினார்கள். ஓஃபேனி என்ற நாடோடி வியாபாரிகள் அவற்றைச் சுமந்துபோய் ஊர் ஊராக விற்றார்கள். விவசாயியின் மரவீட்டில் அந்தத் தாளுக்கு வேலை இருந்தது.

என்ன வேலை? பழைய நாட்காட்டியில் ஏப்ரல் 23 புனித யெகோரி நாள். குளிர்காலம் முழுதும் அடைபட்டிருந்த மாடுகளை அன்று மேய்ச்சலுக்கு ஓட்டுவார்கள். ஆகஸ்ட் 18 புனிதர்கள் ஃப்ளோர், லாவ்ர் நாள். குதிரைகளுக்கு ஓய்வு, தேவாலய வாசலில் புனித நீர்த் தெளிப்பு. அக்டோபர் 1 போக்ரோவ் திருநாள். வயல்வேலை முடிந்து கல்யாணங்கள் தொடங்கும். அந்த வீட்டில் புனிதரின் படமே பருவத்தின் படமும். ‘சமயம்’, ‘கிராமியம்’ என்று நம் கண்காட்சிப் பட்டியல்கள் போடும் தடுப்பு அங்கே நிற்காது.

திருச்சபைக்கு இந்தத் தாள்கள் பிடிக்கவில்லை. 1674-இல் குலமுதுவர் யோவாக்கிம் புனிதர் உருவங்களைக் காகிதத்தில் அச்சிடத் தடை விதித்தார். ஆனாலும் 1692–96இல் வசீலி கோரென் 36 தாள்களில் விவிலியக் காட்சிகளைச் செதுக்கினார். இன்று எஞ்சியிருப்பது ஒரே படி. வீட்டுச் சுவரில் ஒட்டிய தாள் புகையிலும் ஈரத்திலும் தேய்ந்து போகும். அதுதான் அதன் ஆயுள்.

1914-இல் ஓவியர் நடாலியா கோஞ்சரோவா ‘போரின் மறைபொருட் படிமங்கள்’ என்ற 14 கல்லச்சுத் தாள்களை வெளியிட்டார். லூபோக்கின் வண்ணத் தீற்றலை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். ஆனால் அவர் தாளில் வானூர்தியை வானதூதர்கள் மறிக்கிறார்கள். புனிதர்களுக்கு அன்றைய வேலையைக் கொடுத்துவிட்டார்.

நம் பட்டறைகளிலோ வண்ணப் பதிவைக் கோட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கி, நாட்டார் பாணி என்று பெயர் சூட்டுகிறோம். அந்தப் பெண்கள் பாணிக்காகக் கோடு தாண்டவில்லை. அடுத்த தாள் காத்திருந்தது. வரும் இதழுக்குத் தாள் அனுப்புகிறவர்கள் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுங்கள்: இது யார் வீட்டில், எந்த நாளில் பார்க்க? எழுத வரவில்லை என்றால், பலகையை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

— ஆசிரியர்