ரொட்டியும் சம்பலும்: சிக்கனத்தை மெச்சுவோருக்குச் சில வார்த்தைகள்

2022ஆம் ஆண்டின் முதற்பாதியில் கொழும்பு மாநகரம் விறகடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டது. ஏப்ரல் மாதத்தில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தோருக்கும் அது கிடைத்தபாடில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அப்போதுதான் நமது பத்திரிகைகளின் வாரமலர்களிலும் வானொலியிலும் யூரியூப் அலைவரிசைகளிலும் 'சிக்கனச் சமையல்' என்றொரு புதிய துறை பிறந்தது. நெருக்கடி ஓரளவு தணிந்த பின்னரும் அந்த மோகம் தணியவில்லை. குறைவாக வாங்குங்கள், வீட்டிலேயே சமையுங்கள், எதனையும் வீணாக்காதீர்கள், அன்புக்குரியவர்களுடன் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள் என்கிறார்கள்.

நல்ல புத்திமதிதான். எனக்கு அதில் கருத்து வேறுபாடு எதுவுமில்லை. ஆனால் இத்தகைய கட்டுரைகளுள் சில, இறுதியில் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து நிற்கின்றன. "தோட்டத்து மக்களைப் பாருங்கள், ஒரு ரொட்டியும் சம்பலும் இருந்தால் எவ்வளவு நிறைவாக வாழ்கிறார்கள்" என்று எழுதுகின்றன. பதுளையில் பிறந்து வளர்ந்தவன் என்ற வகையில் அந்த ஒரு வரியைப் பற்றியே இங்கு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சமையலறையைப் பார்ப்போம். லயத்து வீடு என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அவ்வளவே. பலருக்கு இஸ்தோப்பின் ஒரு மூலைதான் அடுப்படி. இன்னும் சிலர் பின்புறம் தகரம் அடித்துக் குசினி இறக்கியிருப்பார்கள். பதுளை மண் தந்த எழுத்தாளர், தான் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தன் பெயரின் முன்னால் வைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், 2022 ஒக்டோபரில் மறையும் வரை இந்த ஒற்றைக் காம்பராவின் நெருக்கத்தை மறக்காதவராகவே இருந்தார். அடுப்பில் எரிவது மிலாறு. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழுத்திய அந்தக் குச்சிகளை மலையிலிருந்து கட்டித் தலையில் சுமந்து வந்து, காயவைத்து, கூரைக்குக் கீழே அடுக்கிவைப்பது பெண்களின் வேலை. கொழும்பு 2022இல் விறகு தேடி அலைந்தபோது, ஹாலிஎலவிலும் பசறையிலும் லுணுகலையிலும் லயத்து அடுப்புகள் வழக்கம்போலவே எரிந்தன. அதைப் பாராட்டியவர்கள் அந்தப் புகையை ஐம்பது வருடம் சுவாசித்த பெண்ணின் இருமலைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ரொட்டி நமது முன்னோருடன் கப்பலேறி வந்த உணவன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் சோறும் கூழும் உண்டவர்கள். தோட்டத்தில் அவர்களுக்கு அரிசி அளக்கப்பட்டது, அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. போருக்குப் பின்னர் வெளிநாட்டு உதவியாக வந்த மாவும், 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பிரீமா ஆலையின் மாவும் அந்தப் பழக்கத்தை உறுதிப்படுத்தின. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு முன்னர் ஐந்தாறு பேருக்குச் சாப்பாடு ஆயத்தம் செய்ய வேண்டிய பெண்ணுக்கு, மாவைப் போல் கைகொடுக்கும் பண்டம் வேறில்லை. குழைத்துத் தட்டிக் கல்லில் போட்டால் போதும். ஒரு ரொட்டியை மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம். ஆறினாலும் கெடாது, பசியைப் பிற்பகல் வரை அடக்கும். கூலியும் நேரமும் போர்க்காலத்துத் தட்டுப்பாடும் சேர்ந்து சுட்ட பண்டம் அது.

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கமும் நினைவுக்கு வருகிறது. நமது தொழிற்சங்கத் தோழர்களும் தொண்டு நிறுவனத்து நண்பர்களும் ரொட்டியை வறுமையின் சின்னமாக மட்டுமே காண்பார்கள். மேடையில் "இன்றும் ரொட்டிதான் தின்கிறோம்" என்றால் கைதட்டல் கிடைக்கும். அதுவும் எனக்கு உடன்பாடில்லை. தேங்காய்ப்பூவை அளவாகச் சேர்த்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்து, கனமான கல்லில் இரு பக்கமும் புள்ளி விழச் சுட்டு, அம்மியில் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் வைத்து அரைத்த கட்டச் சம்பலை அதன்மேல் தடவித் தருகின்ற கை, ஒரு தேர்ந்த கை. பதுளை மாவட்டத்திலேயே உள்ள எல்லவில் இன்று வெள்ளைக்கார உல்லாசப் பயணிகள் காசு கொடுத்துச் சமையல் வகுப்பில் அமர்ந்து தேங்காய்ச் சம்பல் இடிக்கக் கற்கிறார்கள். நாங்கள் பாடசாலைக்கு அதே ரொட்டியைக் கொண்டுபோனபோது பட்டணத்துப் பிள்ளைகள் பார்த்துவிடாதபடி மேசைக்குக் கீழே வைத்துத் தின்றோம்.

தோட்டத்து அடுப்படியின் சிக்கனத்தில் எனக்கு வியப்பூட்டுவது அதன் நுணுக்கம். அரைத் தேங்காயைத் திருவினால் முதற்பால் பிள்ளைகளின் கறிக்கு, இரண்டாம் பால் பருப்புக்கு, பிழிந்த சக்கை சம்பலுக்கு. பலாக்காய் காலத்தில் காயும் கறி, கொட்டையும் கறி. காணோரத்தில் தானாக முளைத்த வல்லாரை ஒரு பிடி, பொன்னாங்கண்ணி ஒரு பிடி. ஐம்பது கிராம் நெத்தலியை ஒரு குடும்பத்துக்கே வாசனை காட்ட வைக்கும் வித்தை வேறு. சாயத் தேநீரில் சீனியைக் கரைப்பதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து, நக்கி நக்கிக் குடிப்பது. கரைத்தால் மூன்று கரண்டி வேண்டும், கையில் வைத்தால் ஒன்று போதும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் காய்ந்த காற்றில் விளைகின்ற தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணமும் தனி விலையும் உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்தவள் மாலையில் குடிப்பது தூள் தேயிலையின் சாயம்.

என் தாயார் 1973, 74ஆம் ஆண்டுகளைப் பற்றி அடிக்கடி சொல்வார். எனக்கு அப்போது நினைவு தெளியாத வயது. உலகச் சந்தையில் கோதுமையும் எண்ணெயும் விலையேறி, இங்கே அரிசியும் மாவும் பங்கீட்டில் வெட்டப்பட்ட காலம். 1974இல் தோட்டங்களில் மரண வீதம் கூர்மையாக உயர்ந்ததை அரசாங்கப் புள்ளிவிபரங்களே பதிவு செய்துள்ளன. மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான் எங்களைக் காப்பாற்றின என்பார் அம்மா. ரொட்டியைச் சுட்டு, எண்ணி, பங்கிட்டு வைப்பார். எல்லோரும் உண்ட பிறகு, "நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்பார். எங்கள் லயத்திலிருந்த எல்லாத் தாய்மாரும் அதே நேரத்தில் அதே வசனத்தைத்தான் சொன்னார்கள் என்பது வளர்ந்த பின்னரே எங்களுக்குத் தெரியவந்தது.

சிக்கனத்தின் இன்பத்தை எழுதுவோர் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மூன்று கறி சமைக்க வசதியுள்ளவர் ஒரு கறியோடு உண்ணும்போது அது தெரிவு. அதில் சுகம் உண்டு, பெருமையும் உண்டு. ஒரு கறிக்கே வழியில்லாதவர் அதையே செய்யும்போது, அவர் புன்னகையோடு பரிமாறினாலும், உடல் கணக்கு வைத்துக்கொள்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் சுமார் 32 சதவீதம். 2019ஆம் ஆண்டின் வீட்டலகு வருமானச் செலவின ஆய்வு, தோட்டப்புற மக்களில் மூவரில் ஒருவர் வறுமைக்கோட்டின்கீழ் இருப்பதாகச் சொன்னது. 2022இன் விலையேற்றத்துக்கு முந்திய கணக்கு இது. மாவும் சீனியும் சாயத் தண்ணீரும் வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது. தாய் எவ்வளவு அன்பாகச் சுட்டுக் கொடுத்தாலும் ரொட்டியில் இல்லாத புரதம் அன்பினால் வந்து சேர்வதில்லை.

அப்படியானால் சம்பளம் கூடினால் எல்லாம் சரியாகிவிடுமா? சம்பளம் அவசியந்தான். ஆயிரம் ரூபாவுக்காக எத்தனை ஆண்டுகள் வீதியில் நின்றோம், அது 2021இல்தான் கிடைத்தது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் மேலும் உயர்வு அறிவிக்கப்பட்டது. ஆனால் சிக்கனமாக வாழவே ஒரு முதல் வேண்டியிருக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. மொத்தமாக அரிசி வாங்கினால் விலை குறைவு, அதற்குக் கையில் காசு இருக்க வேண்டும். கடைக் கொப்பியில் கடனுக்கு வாங்குகிறவர் கால் கிலோ கால் கிலோவாகக் கூடிய விலைக்கே வாங்குகிறார். வீட்டுத் தோட்டம் போட்டால் மரக்கறிச் செலவு மிச்சம், அதற்குச் சொந்தமாக நிலம் வேண்டும். வெலிமடைப் பக்கத்து விவசாயி தன் காணியில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் போடுகிறான். அவனுக்கு அண்டையில் நூற்றாண்டுக்கு மேல் மண்ணைக் கொத்திய குடும்பத்துக்கு லயத்தின் பின்னால் நான்கு பாத்தி, அதுவும் நிர்வாகம் பார்த்தும் பாராதிருக்கும் வரைதான். ஏழு பேர்ச்சஸ் காணியும் அதற்கு ஓர் உறுதியும் என்று நாம் கேட்டுவருவதை, கீரைப் பாத்தியின் கோரிக்கையாகவும் கொள்ளலாம்.

இன்னொன்று நேரம். ஆண்களின் வேலை பெரும்பாலும் பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. கொழுந்து பறிக்கும் பெண் கடைசிக் கொழுந்தை நிறுத்துவிட்டு இறங்க மாலை ஐந்தாகிறது. வந்ததும் பீலியில் தண்ணீர், அடுப்பு, இராச் சாப்பாடு. வீட்டுச் சமையலின் மகத்துவத்தைப் போற்றும் நம்மவர்கள், அந்த இடைப்பட்ட மூன்று மணித்தியாலத்தில் ஆண்மகன் உலை வைத்தால் என்ன என்று கேட்டு நான் கண்டதில்லை. தோட்டத்துக் கலியாணங்களில் அண்டா வைத்து நூறு பேருக்குச் சமைப்பவர்கள் ஆண்கள்தானே? வெளியே முடிகிற வேலை வீட்டில் மட்டும் எப்படி முடியாமற் போகிறது? (இதைக் கேட்டால் வீட்டில் எனக்கும் ஒரு கேள்வி வரும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பருப்பும் சம்பலும் என் பொறுப்பு.)

இந்த நேரக் கணக்கின் கொடிய பக்கம், சமைக்கவே வீட்டில் இல்லாத தாய்மார். பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் கொழும்பு வீடுகளிலும் வளைகுடா நாடுகளிலும் மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சமைக்கிறார்கள். இங்கே அவர்களின் பிள்ளைகளுக்குப் பாட்டி ரொட்டி சுடுகிறாள். இரண்டு வருடத்துக்குப் பின் ஊர் வரும் அந்தப் பெண் முதல் நாள் கோழி அடித்துக் குழம்பு வைக்கிறாள். பிள்ளை பாட்டியின் கட்டச் சம்பலைக் கேட்டு அழுகிறது. இப்படியொரு வீட்டில் நான் அமர்ந்திருந்திருக்கிறேன். எவராலும் பேச முடியவில்லை.

தீபாவளிச் செலவைப் பற்றியும் ஒரு சொல். "ஒரு நாளில் ஆட்டிறைச்சிக்கும் பலகாரத்துக்கும் வீசிவிட்டு வருடம் முழுவதும் கடன்படுகிறார்கள்" என்று தோட்ட மக்களுக்குச் சிக்கனம் போதிக்கும் கனவான்கள் உண்டு. அவர்கள் வீசுவது தீபாவளி முற்பணம். பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் தவணை தவணையாகக் கழிக்கப்படும் தங்கள் சொந்தக் காசு. முந்நூற்றுக்கும் மேற்பட்ட நாட்கள் நெத்தலியை எண்ணிப் போட்டவள், ஒரு நாள் தன் வீட்டாருக்கு எண்ணாமல் பரிமாற ஆசைப்படுகிறாள். முறுக்கும் அதிரசமும் சுட்டு அடுத்த காம்பராவுக்கும் பணிய லயத்துக்கும் தட்டில் அனுப்புகிறாள். அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வருவதில்லை. என்னைக் கேட்டால் அந்த ஒரு நாளில் எவரும் சிக்கனம் பேசக்கூடாது.

இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 550 சதுர அடித் தனி வீடுகளில் சமையலறை தனியாக உண்டு. நல்ல மாற்றம். ஆனால் பலர் அந்தச் சமையலறையில் சாமான்களை அடுக்கிவிட்டு, பின்புறம் தகரக் கொட்டில் போட்டு மிலாறு அடுப்பு வைத்திருப்பதைக் காணலாம். எரிவாயுவுக்குக் காசில்லை, உள்ளே விறகு வைத்தால் புதுச் சுவர் கறுத்துப்போகும். வீட்டு வரைபடம் கீறும்போது புகைபோக்கி வைத்த விறகடுப்பொன்றையும் சேர்த்துக் கீறச் சொல்லிப் பெண்கள் கேட்டிருப்பார்கள், அவர்களைக் கேட்டிருந்தால்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவில் லயங்கள் போயின, உயிர்கள் போயின. பாடசாலைகளில் தங்கியிருந்தவர்களுக்குப் பல இடங்களிலிருந்தும் சோற்றுப் பார்சல்கள் வந்தன. அனுப்பியவர்களின் நல்ல மனத்தை எவரும் குறை சொல்ல முடியாது. நான் கதைத்த ஒரு நடுத்தர வயதுப் பெண் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சேர், பார்சல் வேணாம்னு சொல்லல. அரிசியும் பருப்பும் ஒரு பெரிய சட்டியும் குடுத்தா நாங்களே ஆக்கிக்குவோம். புள்ளைங்க நாலு நாளா எங்க கையால சாப்புடல." இரண்டு நாள் கழித்துப் போனபோது பாடசாலையின் பின்புறம் மூன்று கல் வைத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஈர விறகு. புகை மண்டியிருந்தது. ஒருவர் மாவைப் பிசைய, இன்னொருவர் தட்ட, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றரை ரொட்டி. எனக்கும் அரை ரொட்டி நீட்டினார்கள். நான் சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.