வயது கடந்தது யார் குற்றம்?

அரசு வேலைக்கு வயது வரம்பு வேண்டும், மறுப்பில்லை. ஆனால் ஆளே எடுக்காமல் ஆண்டுகளை ஓட்டிவிட்டு, "உனக்கு வயது கடந்துவிட்டது" என்று இளைஞனைத் திருப்பி அனுப்புவது என்ன நியாயம்?

தமிழகத்தில் 2001-ல் பெரும்பாலான அரசுப் பணி நியமனங்களுக்குத் தடை வந்தது. தடை விலகியபின் 2006-ல் 5 ஆண்டு வயதுத் தளர்வு தரப்பட்டது. கொரோனாவால் தேர்வுகள் தள்ளிப்போனபோது 2021-ல் பொதுப்பிரிவு வரம்பு 30-லிருந்து 32 ஆனது. இவை சலுகைகள் அல்ல, இழந்ததற்கு ஈடு. அதே வேளையில் ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59, 2021-ல் 60 என உயர்ந்தது. மூத்தோர் நாற்காலியில் நீடித்தால் காலியிடம் எங்கிருந்து வரும்?

வரம்பை அடியோடு நீக்கினால் புதிதாகப் படித்து வருவோர் பாதிக்கப்படுவர் என்பதும் உண்மையே. ஆகவே, தேர்வு நடக்காத ஆண்டுகளை மட்டும் வயதுக் கணக்கில் கழிக்கட்டும். அதைச் சட்டமாக்கட்டும்.

நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை! கடையிலும் வளைகுடாவிலும் சில ஆண்டுகள் உழைத்தபின், "இனி நமக்கேது அரசு வேலை?" என்று ஒதுங்குவோர் பலர். பட்டதாரிகளுக்கான குரூப்-2 தேர்வில், பெரும்பாலான பதவிகளுக்குப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. 2007 முதல் 3.5 சதவிகித இடஒதுக்கீடும் உண்டு. திறந்திருக்கும் கதவை மூடியதாக எண்ணித் திரும்பலாமா?

வணிகப் பெருமக்களே! உங்கள் கடையில் நிற்கும் பட்டதாரித் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். தேர்வு நாளன்று அவருக்கு விடுப்பும் கொடுங்கள்.