கேள்வி கேட்டவர்கள் வாங்கித் தந்த உரிமை



அமெரிக்கான்னு சொன்னதும் நம்ம கண்ணுக்கு வெள்ளை மாளிகைதான் வரும். ஆனால் அங்கே மாநிலங்கள்தான் முதலில் பிறந்தன. அதிபர் பதவி பிறகுதான் வந்தது.

1776 ஜூலை 4-ல் 13 பிரிட்டிஷ் காலனிகள் விடுதலையை அறிவித்தன. பெரும்பாலானவை தங்களுக்கென அரசியல் சட்டமும் எழுதிக்கொண்டன. 1781-ல் ஒரு கூட்டமைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் மத்தியில் இருந்த காங்கிரஸ் சபைக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. போர்க்கடன் அடைக்கக்கூட மாநிலங்களிடம் கையேந்தணும்!

இது தாங்காது என்றுதான் 1787-ல் பிலடெல்பியாவில் கூடிப் புதிய அரசியலமைப்பை எழுதினார்கள். ஆனா எழுதினா மட்டும் போதுமா? 9 மாநிலங்கள் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். அதற்கென்றே மாநிலந்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநாடுகள் கூடின.

சின்ன மாநிலமான டெலவேர் முதல் ஆளாக, ஒருமனதாக ஒப்புதல் தந்தது. செனட்டில் பெரிய மாநிலத்துக்குச் சமமாக அதற்கும் 2 இடம் கிடைத்ததே!

மற்ற இடங்களில் அவ்வளவு சுலபமா நடக்கல. மத்திய அரசுக்கு இவ்வளவு அதிகாரமா, மக்களின் உரிமைகள் எங்கே எழுதியிருக்கு என்று கேட்டார்கள். வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி கடுமையாக எதிர்த்தார். மாசசூசெட்ஸ், திருத்தங்களைப் பரிந்துரைத்துத்தான் 187-168 என ஒப்புக்கொண்டது. 1788 ஜூன் 21-ல் நியூ ஹாம்ப்ஷயர் 9-வது மாநிலமானது. வர்ஜீனியாவில் 89-79. நியூயார்க்கில் வெறும் 30-27.

உரிமைப் பட்டியல் இல்லாமல் ஒப்புதல் இல்லை என்று நின்ற வட கரோலினா, 1789 நவம்பரில்தான் சேர்ந்தது. வாஷிங்டன் அதிபராகி ஓராண்டு கழித்து, 1790 மே 29-ல் 34-32 என கடைசியாக வந்தது ரோட் ஐலண்ட்.

அந்தப் பிடிவாதத்தின் பலன் என்ன தெரியுமா? 1791-ல் 10 திருத்தங்கள். பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, மத உரிமை எல்லாம் எழுத்தில் வந்தன. மத்திய அரசுக்குத் தராத, மாநிலங்களுக்குத் தடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது 10-வது திருத்தம்.

குறையையும் சொல்லணும். அடிமைகளாக வைக்கப்பட்டவர்களிடமும் பூர்வகுடிகளிடமும் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. அந்த மாநாடுகளில் ஒரு பெண்கூட இல்லை. அவர்கள் உரிமைக்குப் பல தலைமுறை போராட வேண்டியிருந்தது.

தோழர்களே, கேள்வி கேட்டவர்கள் நாட்டை உடைக்கல. நாட்டுக்கு உரிமைப் பட்டியல் வாங்கிக் கொடுத்தாங்க. எதிர்க்கேள்வி கேட்கிறவங்களை இனி யாராவது துரோகின்னு சொன்னா, இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லுங்க!

படியுங்கள்! பகிருங்கள்!