முகாம் போதாது, இருப்பு எடுக்க வேண்டும்

ஆண்டுதோறும் மார்ச் 31 வந்தால் நமது கடைகளில் இருப்பு எடுக்கிறோம். போன ஆண்டு எத்தனை மூட்டை, இப்போது எத்தனை, நடுவில் குறைந்தது எங்கே என்று துருவிக் கேட்கிறோம். நமக்கென்று நடத்தப்படும் மருத்துவ முகாம்களிடம் மட்டும் இந்தக் கணக்கை நாம் கேட்பதில்லை.

நம் பகுதியில் மளிகைக் கடை நடத்தும் அன்பர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் எடையும் சர்க்கரையும் பார்த்தார்கள். "எடையைக் குறையுங்கள், நடங்கள், கவலைப்படாதீர்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு காலண்டர் ஆணியில் தொங்கியது. பிறகு அவரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. காலில் வந்த புண் ஆறாமல் நாற்பது நாள் கடைக்குப் பூட்டு விழுந்த பிறகுதான் நாமே விசாரித்தோம். அதற்குள் பாதி வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

இத்தகைய திட்டங்கள் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் இதே சென்னையில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டு கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. சர்க்கரை, மைதா, எண்ணெய்ப் பண்டங்களைக் குறைத்து, தினம் அரை மணி நடக்கச் சொல்லி, விடாமல் விசாரிக்கப்பட்டவர்களில் 100க்கு 39 பேருக்கே வந்தது. மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறத்தாழ இதே பலன்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை! எடை மெஷினை மட்டும் நம்பியிருந்தால் "திட்டம் தோற்றது" என்று மூட்டை கட்டியிருப்பார்கள். இரத்தப் பரிசோதனையை மறுபடி மறுபடி செய்ததால்தான் இலாபம் தெரிந்தது. 2013இல் அதே குழு வெளியிட்ட மற்றோர் ஆய்வில், செல்போன் குறுஞ்செய்தி மூலம் நினைவூட்டப்பட்ட ஆண்களில் இரண்டாண்டில் 100க்கு 18 பேருக்கும், நினைவூட்டப்படாதவர்களில் 27 பேருக்கும் நோய் வந்தது. செலவு அதிகமில்லாத வழி இது.

ஆனால் இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். நம் கதை வேறு. பால் வண்டி வரும் முன்பே ஷட்டரைத் தூக்குகிறோம். இரவு பத்துக்குக் கல்லாவை எண்ணுகிறோம். "காலையில் நடங்கள்" என்றால் எங்கே நடப்பது? எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலா? பசி என்றால் கைக்கெட்டும் தூரத்தில் பிஸ்கட்டும் மிக்சரும். மூட்டை தூக்கும் வேலையாளுக்கு உடற்பயிற்சி தானாகக் கிடைக்கிறது, கல்லாவில் உட்கார்ந்த முதலாளிக்குத்தான் இல்லை. மன உளைச்சலுக்குத் தியானம் செய்யச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வராத கடன் பாக்கியும் ஜி.எஸ்.டி. கெடுவும் கண்ணை மூடினால் இன்னும் பெரிதாகத் தெரிகின்றன!

எனவே இனி யார் முகாம் நடத்த வந்தாலும் நமது சங்கம் சில நிபந்தனைகள் வைக்க வேண்டும். வியாபாரம் மந்தமான பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணிக்குள் நடத்த வேண்டும். முதல் நாளில் எடையோடு இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் அதே ஆட்களுக்கு அதே அளவுகளைத் திரும்ப எடுக்க வேண்டும். நடுவில் நின்றவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசிவரை வந்தவர்களை மட்டும் எண்ணினால், திரும்பி வந்த சரக்கைக் கழிக்காமல் விற்பனை காட்டுவது போலாகும். அவரவர் அளவு அவரவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மொத்தக் கணக்கை நமது இதழில் வெளியிடலாம்.

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் உறுப்பினர்கள் தங்களுக்கு எந்தக் கிழமை, எந்த நேரம் தோதுப்படும் என்பதைச் சங்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால், அடுத்த செயற்குழுவிலேயே இதைப் பேசிவிடலாம்.