பழைய கிடாரும் ரெண்டு மில்லிமீட்டரும்

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கிடாரைப் பரண்ல ஏத்தின பாதிப்பேருக்கு சங்கீதம் வராம இல்லை. கம்பி உசரமா இருந்துச்சு, அவ்வளவுதான்.

1982-ல வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துல, 'இளைய நிலா' பாட்டுக்கு சந்திரசேகர் வாசிச்ச கிடாரைக் கேட்டுட்டு, நாமளும் வாசிச்சா என்னன்னு கிளம்பினவங்க எத்தனை பேர்! அமெரிக்க கிப்சனுக்கு யார்கிட்ட காசு? நம்ம பட்ஜெட்டுக்கு கல்கத்தா கிவ்சன்தான் (ஒரு எழுத்துதான் வித்தியாசம், விலையைக் கேட்காதீங்க :-) ). இல்லைன்னா பேரே இல்லாத பெட்டி. ரெண்டு மாசம் விரல் நுனி எரியும். அப்புறம் "நமக்கெல்லாம் ஞானம் பத்தாது"ன்னு ஒரு தீர்ப்பு. பரண்.

எங்கிட்ட இருக்கறதும் பேர் இல்லாத ஒரு பிளைவுட் பெட்டிதான். பல வருஷம் கழிச்சு போன மாசம் இறக்கினேன். துருப்பிடிச்ச கம்பியைக் கழட்டிட்டு, சேலம் போனப்ப வாங்கின மெலிசான செட்டை மாட்டினேன். 12-வது ஃப்ரெட் மேல தடிச்ச கம்பி எவ்வளவு உசரத்துல நிக்குதுன்னு ஸ்கேல் வச்சேன். மூணரை மில்லிமீட்டர்! ரெண்டரை இருந்தா சுகமா வாசிக்கலாம்.

கணக்கு சுலபம். அங்க ஒரு மில்லிமீட்டர் இறங்கணும்னா, பிரிட்ஜில சொருகியிருக்கற வெள்ளைப் பட்டையோட அடியில ரெண்டு மில்லிமீட்டர் தேய்க்கணும். உப்புத்தாள் போதும். கொஞ்சம் தேய்ங்க, மாட்டிப் பாருங்க, மறுபடி தேய்ங்க. தேய்ச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது, அவசரம் வேணாம். உங்களோடது நைலான் கம்பி கிடார்னா இரும்புக் கம்பி மாட்டிடாதீங்க. இழுவை தாங்காம பிரிட்ஜ் பேந்துடும்.

இப்ப ஜி, சி, டி மூணு கார்டும் அலுங்காம விழுது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மொட்டை மாடியில அரை மணி நேரம். கேட்க ஆள் இல்லை, அதுவும் ஒரு சௌகரியம்தான் :-)

"புதுசா நல்லதா ஒண்ணு வாங்கலாமே"ன்னு கேட்பீங்க. வாங்கலாம், சத்தம் இதைவிட நல்லாவே இருக்கும். ஆனா ஒட்டுப்பலகை இல்லாத முழு மரக் கிடார், எங்க தர்மபுரி கோடையில காத்து வறண்டா சுருங்கி விரிசல் விடும், பொத்திப் பொத்தி வைக்கணும். பிளைவுட்ல அடுக்குக்கு அடுக்கு மரநார் குறுக்க ஓடறதால அவ்வளவு சீக்கிரம் அசையாது. சுவத்துல மாட்டி வச்சுட்டு, போறப்ப வர்றப்ப எடுத்து நாலு தட்டு தட்டலாம். கைக்கு எட்டற கிடார்தான் வாசிக்கப்படும்ங்க.

எனக்கு உறுத்தறது வேற. நமக்காவது பரவாயில்லை, பொழுதுபோக்கு. இதே மாதிரி பெட்டியைக் கையில வாங்கிட்டு, வலி தாங்காம ஒதுங்கற பத்து வயசுப் பிள்ளைங்க எத்தனை? அவங்களுக்கும் நாம அதே தீர்ப்பைத்தானே சொல்றோம்?

இனிமே ஒரு பிள்ளைகிட்ட "உனக்கு வராது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, தயவுசெஞ்சு அந்த 12-வது ஃப்ரெட்ல ஒரு ஸ்கேலை வச்சுப் பாருங்க.